பழைய கைபேசிகளில் உறங்கும் இசைக்கருவிகள்

ஹைதராபாத் நகரின் அபிட்ஸ் பகுதியில் ஜகதீஷ் மார்க்கெட் என்னும் கடைத்தொகுதி உள்ளது. கைபேசிகளைப் பழுது பார்ப்பதற்கும், பழைய கைபேசிகளை வாங்கி விற்பதற்கும் அது பெயர் பெற்ற இடம். நகரின் மேற்கே, 1998-இல் திறக்கப்பட்ட சைபர் டவர்ஸ் கட்டடத்தைத் தொடக்கமாகக் கொண்டு வளர்ந்த ஹைடெக் சிட்டி வட்டாரத்தில், புதிய மென்பொருள்கள் நாள்தோறும் எழுதப்படுகின்றன. அவற்றின் வரவால் பழமைப்பட்டுப் போகும் கருவிகளில் பல, ஜகதீஷ் மார்க்கெட் போன்ற இடங்களை வந்தடைகின்றன. ஒன்று பிறப்பதும் மற்றொன்று மறைவதும் ஒரே நகரத்தில் அருகருகே நிகழ்கின்றன.

இவ்வாறு கைமாறும் கருவிகள் பேசுவதற்கு மட்டும் பயன்பட்டவை அல்ல. சென்ற இருபத்தைந்து ஆண்டுகளில் கைபேசி ஓர் இசைக்கருவியாகவும் விளங்கி வந்திருக்கிறது. சுருதிப் பெட்டி, தபலா, புல்லாங்குழல், பியானோ, ஒலிப்பதிவுக் கூடம் ஆகிய அனைத்தும் உள்ளங்கை அளவான ஒரு கண்ணாடிப் பலகையில் அடங்கின. அவற்றுள் பல இன்று ஒலிப்பதில்லை. நரம்பு அறுந்து போகவில்லை. தோல் கிழிந்து போகவில்லை. ஆயினும் அவை ஊமையாகிவிட்டன. இதன் காரணம் என்ன, அவற்றை மீண்டும் ஒலிக்கச் செய்ய இயலுமா என்பன விஞ்ஞான நோக்கிலும் பண்பாட்டு நோக்கிலும் ஆராயத் தக்கவை.

ஏழு விசைகளும் ஏழு ஸ்வரங்களும்

நம் நாட்டில் கைபேசி வழியாக முதல் உரையாடல் 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி நடைபெற்றது. மேற்கு வங்க முதலமைச்சராயிருந்த ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து, தில்லியிலிருந்த மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அன்றைய கைபேசியில் ஒலி எழுப்பும் பகுதி, அழைப்பு வந்ததை அறிவிக்கும் ஒரு சிறு ஒலிப்பானே ஆகும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு ஸ்வரத்தை மட்டுமே அதனால் எழுப்ப முடியும்.

இச்சிறு ஒலிப்பானைக் கொண்டே மக்கள் இசை அமைக்கத் தொடங்கினர். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த நோக்கியா 3310 என்னும் கைபேசியில், அழைப்பொலியைத் தாமே அமைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. 1 முதல் 7 வரையுள்ள எண் விசைகள் மேனாட்டு இசையின் ஏழு ஸ்வரங்களைக் குறித்தன. 8-ஆம் விசை ஸ்வரத்தின் கால அளவைக் குறைத்தது. 9-ஆம் விசை நீட்டியது. 0 என்பது மௌனம். நட்சத்திரக் குறி ஸ்தாயியை மாற்றிற்று. அதற்கு எதிர்ப்புறத்திலுள்ள சதுரக் கட்டக் குறி ஸ்வரத்தை அரை ஸ்வரம் உயர்த்திற்று.

கர்நாடக இசை பயின்றோருக்கு இவ்வமைப்பில் ஒரு சுவையான பொருத்தம் புலப்படும். 1 முதல் 7 வரையுள்ள விசைகளை வரிசையாக அழுத்தினால் கிடைப்பது சங்கராபரண ராகத்தின் ஆரோகணம். முதற்பாடமான சரளி வரிசை அமைந்துள்ள மாயாமாளவகௌளை வேண்டுமாயின், 1-ஐ அடுத்து மீண்டும் 1-ஐ அழுத்திக் கட்டக் குறியால் உயர்த்தினால் சுத்த ரிஷபம் கிடைக்கும், பிறகு 3, 4, 5, அதன்பின் மீண்டும் 5-ஐ அழுத்தி உயர்த்தினால் சுத்த தைவதம், இறுதியில் 7. மேனாட்டுப் பொறியாளர் தம் தேவைக்கென அமைத்த எண் பலகையில் நம் மாணவரின் முதற்பாடத்தை இவ்வாறு எளிதில் வாசிக்க முடிந்தது.

இந்த மெட்டுகளை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்புவதற்கென நோக்கியா நிறுவனம் ஓர் எழுத்து வடிவத்தையும் வகுத்தது. மெட்டின் பெயர், பொதுவான கால அளவு, ஸ்தாயி, வேகம், அதன்பின் ஸ்வரங்கள் என அனைத்தும் சாதாரண எழுத்துகளாலும் எண்களாலும் குறிக்கப்பட்டன. ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளக்கூடிய எளிய முறை அது. இந்த எளிமையே பிற்காலத்தில் அதற்குப் பெரும் பலமாயிற்று.

நோக்கியா நிறுவனம் 2006-இல் சென்னைக்கு அருகில் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை தொடங்கிற்று. ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் வேலை அளித்த அத்தொழிற்சாலையில் 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. அதற்குள் விசைகளுள்ள கைபேசிகளின் காலம் முடிந்து, தொடுதிரைக் கைபேசிகளின் காலம் வேரூன்றிவிட்டது.

கண்ணாடிப் பலகையில் ஒரு கச்சேரி

2008-ஆம் ஆண்டு ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோனுக்கான செயலிக் கடையைத் திறந்தது. ஏறத்தாழ 500 செயலிகளுடன் அது தொடங்கிற்று. யாரும் ஒரு செயலியை எழுதி உலகெங்கும் விற்கலாம் என்ற நிலை அப்போது ஏற்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே வாங் என்பவர் இணைந்து நிறுவிய ஸ்ம்யூல் நிறுவனம், ‘ஒகரினா’ என்னும் செயலியை வெளியிட்டது. கைபேசியின் ஒலிவாங்கியில் ஊதினால் அது குழல்போல் ஒலிக்கும். திரையில் தோன்றும் நான்கு துளைகளை விரல்களால் மூடித் திறந்து ஸ்வரங்களை மாற்றலாம். கருவியைச் சாய்த்தால் ஸ்வரம் அசையும். பேசுவதற்கென அமைந்த ஒலிவாங்கியும், சாய்வை உணர்வதற்கென அமைந்த உணரியும் இவ்வாறு ஒரு காற்றுக் கருவியின் உறுப்புகளாயின.

2010-இல் ஜப்பானின் கோர்க் நிறுவனம், 1978-இல் தான் செய்து விற்ற எம்.எஸ்.-20 என்னும் மின்னணு இசைக்கருவியை ஐபேட் செயலியாக மறுபிறப்பு எடுக்கச் செய்தது. 2011-இல் ஆப்பிள் நிறுவனமே தன் ‘கராஜ்பேண்ட்’ என்னும் ஒலிப்பதிவுச் செயலியை ஐபேடுக்கு அளித்தது. முன்னர் ஓர் அறை நிறையக் கருவிகள் தேவைப்பட்ட பணியை ஒரு மாணவர் தம் மடியில் வைத்துச் செய்யலானார்.

நம் நாட்டுத் தேவைகள் வேறு விதமானவை. பாடகருக்கு முதலில் வேண்டுவது சுருதி. அடுத்து வேண்டுவது தாளம். தம்புரா மீட்ட ஒருவரைத் தேட வேண்டிய இடர்ப்பாட்டை நீக்கும் முயற்சி கைபேசிக்கு நெடுங்காலம் முன்பே தொடங்கிவிட்டது. பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ்நாராயண் 1979-இல் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். அவர் நிறுவிய ரேடல் நிறுவனத்தின் பெட்டிகள் இசை வகுப்புகளிலும் மேடைகளிலும் இடம் பெற்றன. கைபேசி வந்தபின், ‘ஐ-தபலா ப்ரோ’ போன்ற செயலிகள் தம்புராவையும் தபலாவையும் ஒரே திரையில் வழங்கின. தனிப் பெட்டியைத் தூக்கிச் செல்லும் அவசியம் பலருக்கும் இல்லாமற் போயிற்று.

தம்புராவின் ஒலியை இயந்திரத்தால் எழுப்புவது எளிதன்று. தம்புராவின் பரந்து வளைந்த குதிரையும், அதன்மேல் வைக்கப்படும் நூலும் தந்தியின் அதிர்வை விசேஷமான முறையில் மாற்றுகின்றன. மீட்டும் இடத்தில் எழ முடியாதவை என்று மேனாட்டு விதி கூறும் மேற்சுரங்களும் தம்புராவில் தெளிவாக எழுகின்றன என்பதைச் சர் சி. வி. ராமன் 1921-இல் எடுத்துக்காட்டினார். நம் மிருதங்கம், தபலா ஆகியவற்றின் மேற்சுரங்கள் மற்றத் தோற்கருவிகளைப் போலன்றி இசைவான விகிதத்தில் அமைந்திருப்பதை அவர் அதற்கு முந்தைய ஆண்டிலேயே ‘நேச்சர்’ இதழில் விளக்கியிருந்தார். ஆகவே தம்புராச் செயலிகள் பலவும் உண்மையான தம்புராவின் ஒலியைப் பதிவு செய்து, அதனையே தேவைக்கேற்ப உயர்த்தியும் தாழ்த்தியும் இசைக்கின்றன.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. மேனாட்டுப் பியானோவில் ஒரு ஸ்தாயி 12 சம பாகங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு ஸ்தாயியை 1,200 நுண் அலகுகளாகக் கொண்டால் பியானோவின் பஞ்சமம் 700-இலும் அந்தர காந்தாரம் 400-இலும் அமையும். இயற்கையான பஞ்சமம் 702-இலும், தம்புராவில் தானே ஒலிக்கும் சுயம்பு காந்தாரம் 386-இலும் உள்ளன. பஞ்சமத்தின் வேறுபாடு செவிக்குப் புலனாவது அரிது; காந்தாரத்தின் 14 அலகு வேறுபாடோ பயின்ற செவிக்கு உடனே புலப்படும். ஆதார ஷட்ஜம் விநாடிக்கு 261.6 அதிர்வுகள் எனின், இயற்கைக் காந்தாரம் 327.0; பியானோவின் காந்தாரம் 329.6. நோக்கியாவின் எண் விசைகள் பியானோவைப் பின்பற்றியவை. நம் இசைக்கென எழுதப்பட்ட நல்ல செயலிகள் இந்நுட்பத்தை அறிந்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே திருத்திக்கொள்ள இடம் அளித்தன. அத்தகைய செயலி ஒன்று மறையும்போது அதை எழுதியவரின் செவியறிவும் அதனுடன் மறைகிறது.

தாமதம் என்னும் இடையூறு

இசைச் செயலிகளுள் பெரும்பாலானவை முதற்கண் ஐபோனுக்கும் ஐபேடுக்கும் எழுதப்பட்டதற்கு ஒரு பௌதிகக் காரணம் உண்டு. திரையை விரல் தொடும் கணத்திற்கும் ஒலி எழும் கணத்திற்கும் இடையே சிறு தாமதம் ஏற்படுகிறது. கைபேசி ஒலியை விநாடிக்கு 44,100 மாதிரிகளாகக் கணக்கிடுகிறது. அவற்றை ஒவ்வொன்றாக அனுப்பாமல் ஒரு தொகுதியாகச் சேர்த்து அனுப்புகிறது. தொகுதி ஒன்றுக்கு 256 மாதிரிகள் எனின் தாமதம் ஏறத்தாழ 6 மில்லி விநாடி. 1,024 எனின் 23 மில்லி விநாடி. இத்தகைய தொகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல அடுக்குகளில் காத்திருக்க நேர்ந்தால் தாமதம் பெருகும்.

ஒலி காற்றில் ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்லும். ஆகவே 10 மில்லி விநாடித் தாமதம், மூன்றரை மீட்டர் தொலைவில் அமர்ந்திருப்பவரின் வாசிப்பைக் கேட்பதற்கு ஒப்பாகும். மேடையில் இது இயல்பே. ஆனால் தொடக்க ஆண்டுகளில் ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் இத்தாமதம் 100 மில்லி விநாடியைத் தாண்டிற்று. நிமிஷத்திற்கு 120 எண்ணிக்கை கொண்ட தாளத்தில், ஓர் எண்ணிக்கைக்கு எட்டுச் சொற்கள் வாசிக்கும் மிருதங்க வித்துவானுக்கு ஒரு சொல்லுக்குக் கிடைப்பது 62 மில்லி விநாடியே. முதற்சொல் ஒலிக்கும் முன்னரே அவர் விரல் இரண்டாம் சொல்லை முடித்துவிடும். இக்கருவியில் வாசிப்பது எவ்வாறு இயலும்?

கூகுள் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆண்ட்ராய்டு 4.1 பதிப்பிலிருந்து படிப்படியாக இக்குறையைக் களைந்து, 2017-இல் ஆண்ட்ராய்டு 8.0 பதிப்பில் ஒலிக்கெனத் தனி வழியே அமைத்தது. இதற்கிடையில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் சென்றுவிட்டன. அப்பத்தாண்டுகளின் இசைச் செயலிகளில் பெரும்பகுதி ஐபோன், ஐபேட் ஆகியவற்றிலேயே உருவாயிற்று. ஆதலால் அவற்றின் விதியும் ஒரே நிறுவனத்தின் முடிவுகளோடு பிணைக்கப்பட்டது.

அவை ஊமையானது எவ்வாறு

கைபேசியின் மையச் சில்லு கணக்கிடும் சொல்லின் நீளம் முதலில் 32 பிட் ஆக இருந்தது. 32 பிட் எண்ணால் 4,29,49,67,296 நினைவக இடங்களை மட்டுமே சுட்ட முடியும். நினைவகம் வளர வளர இவ்வெல்லை போதாமற் போகும். 2013 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் 64 பிட் சில்லு கொண்ட முதற் கைபேசியை வெளியிட்டது. 2015 பிப்ரவரி முதல் புதிய செயலிகள் 64 பிட் முறையிலும் எழுதப்பட வேண்டும் என்று விதித்தது. 2017 செப்டம்பரில் வெளிவந்த ஐஓஎஸ் 11 என்னும் இயக்க முறைமை, பழைய 32 பிட் செயலிகளை இயக்க முற்றிலும் மறுத்தது. கூகுள் நிறுவனமும் 2019 ஆகஸ்டு முதல் தன் கடையில் 64 பிட் வடிவத்தைக் கட்டாயமாக்கிற்று; 2022-இல் வந்த அதன் பிக்ஸல் 7 கைபேசி 64 பிட் செயலிகளை மட்டுமே ஏற்றது.

இம்மாற்றம் தொழில்நுட்ப நோக்கில் நியாயமானதே. இருவகைச் செயலிகளையும் தாங்க வேண்டுமாயின் இரு நூலகங்களைக் கருவியில் வைத்திருக்க வேண்டும். நினைவகமும் மின்சக்தியும் வீணாகும். ஆனால் அதன் விளைவைத் தாங்க வேண்டியவர் செயலியை எழுதியவர். பெருநிறுவனங்கள் தம் செயலிகளைத் திருத்தி எழுதிக்கொண்டன; கோர்க் நிறுவனத்தின் எம்.எஸ்.-20 அவ்வாறு பிழைத்தது. தம் ஓய்வு நேரத்தில் ஒரு சிறு இசைக்கருவியைச் செய்து சில நூறு பேருக்கு விற்ற தனி மனிதரால் அது இயலவில்லை. செயலிக் கடையில் இடம் பெறுவதற்கு அவர் ஆண்டுதோறும் 99 டாலர் கட்டணம் செலுத்த வேண்டும். செலுத்தத் தவறினால் செயலி கடையிலிருந்து நீங்கிவிடும். நெடுநாள் புதுப்பிக்கப்படாத செயலிகளை நீக்கப்போவதாக ஆப்பிள் நிறுவனம் 2016-இல் அறிவித்ததும் அவருக்குப் பாதகமாயிற்று.

வேறொரு காரணமும் உண்டு. ஒரு செயலியின் ஒலியை மற்றொரு செயலிக்குள் செலுத்தும் வசதியை ஆப்பிள் நிறுவனம் 2013-இல் அளித்தது. 2015-இல் அதற்கு மாற்றாகப் புதிய முறை ஒன்றைக் கொணர்ந்தது. 2019-இல் பழைய முறை கைவிடப்படும் என அறிவித்தது. பழைய முறையை நம்பிக் கட்டப்பட்ட செயலிகள் தனியே இயங்கினாலும், ஏனைய கருவிகளோடு சேர்ந்து வாசிக்கும் ஆற்றலை இழக்கத் தொடங்கின. தொலைவிலுள்ள கணிப்பொறியை நம்பிய செயலிகளோ அக்கணிப்பொறி நிறுத்தப்படும் நாளிலேயே பாதி உயிரை இழக்கின்றன.

முதலில் கூறிய நோக்கியா மெட்டுகளின் நிலை இதற்கு நேர்மாறானது. அக்கருவிகள் போய்விட்டன, ஆனால் எழுத்து வடிவில் இருந்த மெட்டுகள் அழியவில்லை. அவற்றை வாசிக்கும் சிறு நிரல் ஒன்றை இன்றைய கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலில் எழுதிவிடலாம். 1983-இல் மேனாட்டு, ஜப்பானிய நிறுவனங்கள் கூடி வகுத்த மிடி என்னும் இசைக் குறிமுறைக்கும் இத்தகைய ஆயுள் உண்டு. யாரும் படிக்கக்கூடிய பொது விதிப்படி எழுதப்பட்டது நிலைக்கிறது. ஒரு சில்லுக்கென மட்டும் எழுதப்பட்டது அச்சில்லோடு மறைகிறது.

ஒரு கடிகாரம் கூறும் பாடம்

ஹைதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில், கல்கத்தாவின் குக் அண்டு கெல்வி நிறுவனத்திடமிருந்து வாங்கப்பட்ட இசைக் கடிகாரம் ஒன்று உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கடிகாரத்தில், மணிதோறும் சிறு பொம்மை ஒன்று வெளிவந்து மணியடித்து உள்ளே செல்லும். அதைக் காண மக்கள் கூடியமர்ந்து காத்திருப்பது அங்கு வழக்கமான காட்சி. நூறாண்டுக்கு மேற்பட்ட அவ்வியந்திரம் இன்றும் இயங்குகிறது. 2010-இல் விற்கப்பட்ட இசைச் செயலி இயங்குவதில்லை. கடிகாரத்தின் சக்கரம் தேய்ந்தால் அதைப் பார்த்தே வேறொன்று கடைந்து பொருத்தலாம். செயலியின் உறுப்புகளோ கண்ணுக்குப் புலப்படாதவை. அவற்றை விளக்கும் மூல நிரல் எழுதியவரிடம் மட்டுமே இருக்கும். அவர் அதை இழந்தால் பழுது பார்ப்பதற்கு வழியே இல்லை.

கருவிகளின் முடிவும் வேறுபட்டது. பழைய கைபேசி உலோகச் சுரங்கத்திற்கு ஒப்பானது; அதிலுள்ள பொன், வெள்ளி, செம்பு ஆகியவற்றை மீட்பது நாட்டிற்கு நன்மை. மத்திய அரசின் மின்னணுப் பொருள்களுக்கான தொழில்நுட்ப மையம் ஹைதராபாத்தில் மின்கழிவிலிருந்து உலோகங்களை மீட்கும் முறைகளை உருவாக்கியுள்ளது. 2022-இல் வகுக்கப்பட்ட மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. உலோகத்தை மீட்கும் முறை வகுக்கப்பட்டுவிட்டது. அதனுள் இருந்த இசைக்கருவியை மீட்கும் முறை இன்னும் வகுக்கப்படவில்லை.

மீட்கும் வழிகள்

இன்று கைக்கொள்ளத் தக்க வழிகள் நான்கு. முதலாவது, பழைய கருவியையே பாதுகாப்பது. 2012-இல் வந்த ஐபோன் 5, நான்காம் தலைமுறை ஐபேட் ஆகியவற்றுக்கு ஐஓஎஸ் 11 வழங்கப்படவில்லை. ஆகவே அவற்றிலுள்ள 32 பிட் செயலிகள் இன்றும் இயங்கும். ஆனால் விற்பனைக்கு வரும் பழைய கருவிகள் வழக்கமாக முற்றிலும் அழித்துத் துடைக்கப்பட்டே வருகின்றன. உரிமையாளரின் அந்தரங்கத்தைக் காக்க அது அவசியம். எனினும் செயலிகளும் அதனுடன் போய்விடுகின்றன. எனவே இத்தகைய கருவிகளின் உண்மையான காப்பகம் கடைத்தெரு அன்று. வீடுகளின் மேஜை அறைகளே.

இரண்டாவது, மூல நிரல் கிடைக்குமிடத்து அதைப் புதிய முறைக்கு மாற்றி எழுதுவது. இதுவே சிறந்தது, ஆனால் எழுதியவரின் ஒத்துழைப்பின்றி இயலாது.

மூன்றாவது, பழைய கருவியின் நடத்தையைப் புதிய கணிப்பொறியில் போலச் செய்வது. ஜெர்மனியின் ஆலிவர் விட்ச்சோ 1998-இல் ‘கேம் பாய்’ என்னும் விளையாட்டுக் கருவிக்கென உருவாக்கிய ‘நானோலூப்’ என்னும் இசை நிரல் இம்முறையில் எளிதாக இயங்கும். அக்கருவியின் அமைப்பு முழுமையாக ஆராயப்பட்டுவிட்டது. ஐபோன் செயலிகளுக்கு இப்பணி கடினமானது. தொடக்கக் கால ஐபோன் செயலிகளை இயக்கும் ‘டச்-எச்எல்இ’ என்னும் திறந்த மென்பொருள் 2023-இல் வெளிவந்தது. அது முதன்மையாக விளையாட்டுச் செயலிகளையே நோக்கியது. ஊதும் மூச்சையும் சாய்க்கும் கையையும் கணிப்பொறியில் போலச் செய்வது இன்னும் அரிய காரியம்.

நான்காவது, கருவியைக் காக்க இயலாவிடினும் அதன் ஒலியைக் காப்பது. செயலியின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் பதிவு செய்து வைத்தால், பின்னர் வேறொரு கருவியில் அவ்வொலியை எழுப்பலாம். தம்புராவின் ஒலியைச் செயலிக்குள் கொணர்ந்த அதே முறை, இப்போது செயலியின் ஒலியைக் காக்கவும் உதவுகிறது.

சட்டத்தில் ஓர் இடைவெளி

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், 1984-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் கணிப்பொறி நிரல் ஓர் இலக்கியப் படைப்பாகக் கருதப்படுகிறது. நிரலை முறையாகப் பெற்றவர், இழப்பு நேராதபடி பிரதி எடுத்து வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், இலாப நோக்கற்ற பொது நூலகங்கள் படைப்புகளைப் பாதுகாப்பதற்காக மின்னணு முறையில் சேமிக்கலாம் என்று அனுமதித்தது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அப்படைப்பின் மின்னணு வடிவமல்லாத பிரதி ஒன்று நூலகத்திடம் ஏற்கெனவே இருத்தல் வேண்டும். அச்சுப் புத்தகத்திற்கு இது பொருந்தும். பிறப்பிலேயே மின்னணு வடிவினதான செயலிக்கு வேறு பிரதி ஏது?

1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் கல்கத்தாவின் தேசிய நூலகத்திற்கும், சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் அனுப்பப்பட வேண்டும். அதனால் ஒரு சிற்றூர்ப் பதிப்பாளர் வெளியிட்ட பாட்டுப் புத்தகமும் என்றேனும் ஓர் ஆராய்ச்சியாளரின் கைக்குக் கிட்டும். அப்பாட்டிற்குச் சுருதி சேர்த்த செயலிக்கு இந்த ஏற்பாடு இல்லை. அமெரிக்காவில் 2018 முதல், விற்பனையில் இல்லாத மென்பொருள்களை நூலகங்களும் காப்பகங்களும் அருங்காட்சியகங்களும் பாதுகாப்பதற்கெனப் பூட்டு முறைகளைக் கடந்து செல்ல விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. அதுபோன்ற ஒரு விலக்கு நம் நாட்டு நூலகங்களுக்கும் பயன்படக் கூடும்.

இல்லங்களில் செய்யத் தக்கவை

சட்டமும் காப்பகமும் வரும்வரை காத்திராமல் இசை பயில்வோர் செய்யத் தக்க சில காரியங்கள் உள்ளன. இசைச் செயலிகள் உள்ள பழைய கைபேசியை அழித்துத் துடைக்கும் முன், அதில் தாம் அமைத்த மெட்டுகளும் பதிவுகளும் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். இருப்பின் அவற்றை மிடி வடிவிலும், சுருக்கப்படாத ஒலி வடிவிலும் வெளியே எடுத்து வைக்கலாம். செயலிக்கே உரிய தனி வடிவில் மட்டும் சேமித்தல் போதாது. செயலி வெளியே அனுப்ப மறுத்தால், காதொலிக் கருவி செருகும் துளையிலிருந்து ஒரு கம்பி வழியாகக் கணிப்பொறியில் பதிவு செய்யலாம். சுருதி அமைப்புகளையும் தாள அமைப்புகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பதும் நன்று. தாளுக்கு இயக்க முறைமை தேவையில்லை.

கருவியைப் பாதுகாக்க விரும்புவோர் மின்கலத்தை முழுமையாக நிரப்பியோ முற்றும் தீர்ந்த நிலையிலோ வைத்தல் ஆகாது. ஏறத்தாழ பாதியளவு மின்னேற்றத்துடன், வெப்பமில்லாத உலர்ந்த இடத்தில் வைத்து, ஆறு மாதங்களுக்கு ஒரு முறை மீண்டும் மின்னேற்ற வேண்டும். மின்கலம் உப்பியிருப்பின் அதை அழுத்தவோ மின்னேற்றவோ கூடாது. பழுது பார்ப்பவரிடம் உடனே ஒப்படைக்க வேண்டும். இயக்க முறைமையைப் புதுப்பிக்குமாறு கருவி கேட்குமாயின் இணங்குமுன் யோசித்தல் நலம். ஒரு விரல் தொடுகையில் நிகழும் அப்புதுப்பித்தலைப் பின்னர் மாற்ற முடியாதபடி போகலாம். ஆனால் புதுப்பிக்கப்படாத கருவியைக் கொண்டு பணப் பரிமாற்றம் முதலியவற்றைச் செய்தல் பாதுகாப்பானதன்று. அது வலையமைப்பிலிருந்து விலகி, இசைக்கருவியாக மட்டுமே இருத்தல் வேண்டும்.

வீணையும் தம்புராவும் பரம்பரையாகக் கைமாறி வந்தவை. பாட்டியார் மீட்டிய தம்புராவைப் பேர்த்தி மீட்டுவது நம் இல்லங்களில் புதிதன்று. கைபேசிச் சுருதிப் பெட்டியோ வாங்கியவரின் காலத்திலேயே பலமுறை மறைந்துவிடுகிறது. விலை உயர்ந்த கருவி வாங்க இயலாத எத்தனையோ மாணவர்கள் முதன்முதலாகச் சுருதி சேர்த்துப் பாடியது இத்தகைய சிறு செயலிகளின் துணையால்தான். இக்காலத்துச் சாதாரண மக்கள் எவ்வாறு இசை பயின்றனர் என்று வருங்கால ஆராய்ச்சியாளர் கேட்கும்போது, விடை தர வேண்டிய சான்றுகள் இவையே. அவற்றுள் ஒரு பகுதியையேனும் ஒலிக்கும் நிலையில் ஒப்படைப்பதற்குத் தேவையான அறிவும் சாதனமும் இன்று கைவசம் உள்ளன. மேஜை அறைகளில் கிடக்கும் கருவிகளின் மின்கலங்கள் செயலிழக்கும் முன் இப்பணியைத் தொடங்குவதே உரியது.